பாப்பரசர் சொல்ல மறந்த சொல்

1979 ஆகஸ்ட் 6, திங்கள்

இன்று முடிவு செய்துவிட்டேன். இந்த வருடத் திருவிழா நாடகத்தை நான்தான் எழுதுவேன். அண்ணாவியாராக மேடை ஓரம் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் நான்தான். பழைய அண்ணாவியார் மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். பொம்பளை அண்ணாவியாரா என்று கமிட்டியில் முனகினார்கள். சிலுவைத்துறையில் வேறு யாருக்கு நாலு வரி பிழையில்லாமல் எழுத வருகிறது என்று கேட்டேன். முனகல் நின்றுவிட்டது. அதில் பாதிப் பேர் என்னிடம் மூன்றாம் வகுப்பில் பிரம்படி வாங்கியவர்கள்.

எதைப் பற்றி நாடகம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று.

சித்திரையில் விசைப்படகுக்காரர்களோடு நடந்த தகராறில் அவர்கள் வலை ஒன்று எரிந்தது. எரித்தவன் யாரோ, ஊர்த்தலைவர் என்பதால் என் வீட்டுக்காரர் கஸ்பார் கொரைராவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து உள்ளேதான் இருக்கிறார். ஆனியில் இந்த ஊர் என்ன செய்தது? அவர் உள்ளே இருக்கும்போதே கூட்டம் போட்டு, தொபியாஸ் மச்சாடோவைத் தலைவராக்கியது. தொபியாஸ் அந்நியன்கூட இல்லை. அவருக்குப் பெரியம்மா மகன், எனக்குக் கொழுந்தன், எங்கள் வீட்டுச் சோறு தின்றவன்.

உயிரோடு இருப்பவருக்குக் கருமாதி செய்த ஊர் இது. இந்த ஊருக்கு நான் ஒரு நாடகம் காட்டுகிறேன்.

ஆகஸ்ட் 8

கோயில் பங்குச்சாமியிடம் இருந்த புனிதர்கள் சரித்திரத்தில்தான் இந்தக் கதையைப் படித்தேன். ஏழாம் நூற்றாண்டில் ரோமையில் மர்த்தீன் என்று ஒரு பாப்பரசர் இருந்தார். கிறிஸ்துவைப் பற்றிய ஒரு வாக்குவாதத்தில், இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த பேரரசன் கட்டளை போட்டான். மர்த்தீன் அதை ஏற்கவில்லை. ஆயர்களைக் கூட்டி, அந்தக் கட்டளை தப்பு என்று எழுதி வைத்தார். சும்மா விடுவானா பேரரசன்? நோயில் பீடத்தின் முன்னால் கட்டில் போட்டுப் படுத்திருந்தவரைச் சேவகர்கள் வந்து தூக்கிப் போனார்கள். கப்பலில் கொண்டுபோய், விசாரித்து, சனங்களுக்கு முன்னால் உடுப்பைக் கழற்றி, கடைசியில் கருங்கடல் ஓரம் கெர்சோன் என்ற குளிர் ஊருக்கு நாடு கடத்தினார்கள். அங்கே ரொட்டிக்குக்கூட வழியில்லை.

இதற்கு மேல்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய சொந்த ரோமை ஊர் எவுஜேனியுஸ் என்ற வேறொருவரைப் பாப்பரசராக்கிவிட்டது.

படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

எங்கள் ஊர் நாடகத்தில் யாருக்கு எந்த வேடம் என்று ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை. பூசை முடிந்ததும் பீடத்தடியில் திருவுளச்சீட்டுப் போட்டு எடுப்பதுதான் வழக்கம். சண்டை வராமலிருக்க முன்னோர் கண்டுபிடித்த வழி. சீட்டில் வந்த வேடத்தை மறுத்தால் கடலில் மீன்பாடு கிடைக்காது என்று ஒரு பயம்.

பங்குச்சாமி ஸ்தனிஸ்லாஸ் கையை விட்டு எடுத்தார். சேவகன், பேரரசன், உதவிக் குருவான தியாக்கோன் எல்லாம் ஆளுக்கொருவராக விழுந்தது. கடைசியில் மர்த்தீன் பாப்பரசர். சாமி சீட்டைப் பிரித்துப் பார்த்து, தொண்டையைச் செருமி, "தொபியாஸ் மச்சாடோ" என்றார்.

கோயிலென்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். என் புருசன் நாற்காலியில் உட்கார்ந்தவன் மேடையேறி, நாற்காலி பறிபோனவருக்காக அழப்போகிறான்.

வெளியே வந்ததும் தொபியாஸ் பக்கத்தில் வந்து நின்றான். "மைனி, எனக்கு இது வேண்டாம். வேற யாரையாவது போடுங்க" என்றான்.

"ஏன் கொழுந்தனாரே, ஒரு நாற்காலி போதும்னு நெனைக்கியளா? இதுலயும் ஏறி உக்காரும்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். முதுகெலும்பு இல்லாத ஆள்.

ஆகஸ்ட் 15

மாதா பரலோகத்துக்கு ஏறிய திருநாள். பள்ளியில் கொடியேற்றம். பிள்ளைகளுக்கு மிட்டாய். மாலையில் ஏலக்கூடத்தில் முதல் ஒத்திகை. மீன் கவிச்சியில் பாப்பரசர் ரோமையை ஆண்டார்.

ஒன்று சொல்லத்தான் வேண்டும், தொபியாஸுக்குக் குரல் இருக்கிறது. "உங்கள் பேரரசன் வாளை வைத்திருக்கிறான், நான் வாயை வைத்திருக்கிறேன்" என்ற வரியை அவன் சொன்னபோது ஏலக்கூடத்துத் தகரம் அதிர்ந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஆனி மாதக் கூட்டத்தில் "கஸ்பார் அண்ணன் இருக்கும்போது எனக்கு வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

ஆகஸ்ட் 16

வயிற்று வலி. பள்ளிக்குப் போகவில்லை. நாடகம் மட்டும் எழுதினேன்.

ஆகஸ்ட் 20

ஜெயிலுக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் போக அரை நாள், வர அரை நாள், பேச ஒரு துண்டு நேரம். மூச்சு இழுப்பு அதிகமாகிவிட்டது அவருக்கு. பேசும்போது வாக்கியம் நடுவில் அறுகிறது.

விசைப்படகு முதலாளிமாரின் வக்கீல் மறுபடி வந்தாராம். கரையோரத்தில் படகு ஓட்டி வலை போட ஊருக்குச் சம்மதம் என்று ஒரு தாள். அதில் ஊர்த்தலைவர் என்று கையெழுத்துப் போட்டால் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வார்களாம். கரையோரத்தில் அவர்கள் வாரிவிட்டால் எங்கள் கட்டுமரங்கள் எதைப் பிடிக்கும், மண்ணையா? முதலில் தொபியாஸிடம்தான் போனார்களாம், அவன் போடவில்லையாம். அவன் போட்டாலும் ஊர் மதிக்காது, கஸ்பார் சொன்னால்தான் ஊர் கேட்கும் என்று மறுபடி இவரிடமே வருகிறார்கள். பகைவனுக்குத் தெரிகிறது யார் தலைவர் என்று. ஊருக்குத்தான் தெரியவில்லை.

"நீங்க சிங்கம். போடமாட்டிய. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்து போனதால் முகம் கலங்கியது மாதிரித் தெரிகிறது.

நாடகத்தைச் சொன்னேன். பாப்பரசரைச் சேவகர்கள் தூக்கிப்போகும் இடம்வரை ஆசையாகக் கேட்டார். ரோமை வேறொருவரை வைத்துக்கொண்ட இடம் வந்ததும், "அதை எதுக்கு கித்தேரி போடுத?" என்றார்.

"அதுக்காகத்தானே எழுதுதேன்."

"தொபியாஸ் நல்லவன்" என்றார். இருமல் வந்துவிட்டது. நேரம் முடிந்தது என்றான் காவலாளி.

நல்லவனாம். இவருக்கு யாரைத்தான் கெட்டவன் என்று சொல்ல வரும்? இவர் மனசுக்கு ஏற்ற புத்தி இவருக்கு இல்லை, அதுதான் நான் ஒருத்தி இருக்கிறேன்.

ஆகஸ்ட் 24

கடைசிக் காட்சியை எழுதி முடித்தேன். எழுதியதில் இதுதான் எனக்குப் பிடித்தது.

பூசையில் குருவானவர் "எங்கள் பாப்பரசர்" என்று பெயர் சொல்லி மன்றாடும் இடம் ஒன்று உண்டு. பாப்பரசரே பூசை வைத்தால்? தன் பெயரைத் தானே சொல்ல முடியாது. அந்த இடத்தில் "அடியேன்" என்கிறார். என் கடைசிக் காட்சியில் மர்த்தீன் கெர்சோன் பனியில் தனியாகப் பூசை வைக்கிறார். ரோமையில் வேறொருவர் இருப்பது தெரிந்த பிறகும் அந்த இடம் வரும்போது நிமிர்ந்து நின்று, "அடியேன்" என்கிறார். அவ்வளவுதான். திரை விழும். அடியேன் என்பது தாழ்ந்த சொல். அந்த இடத்தில் அதற்கு அர்த்தம், நான்தான் இன்னும் பாப்பரசர், உங்களால் ஆனதைப் பாருங்கள் என்பது.

சாமியிடம் படித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், நாடு கடத்தப்பட்ட இடத்துல இருந்து அவர் எழுதினாரே. இப்போ சபையை நடத்துற மேய்ப்பருக்காக வேண்டிக்கிறேன்னு. அதை விட்டுட்டீங்களே."

"வேண்டிக்கிட்டார். அவர்தான் பாப்பரசர்னு எழுதினாரா, சாமி?"

"அது இல்ல..."

"எனக்கும் எல்லாருக்கும் வேண்டத் தெரியும். கொள்ளைக்காரனுக்கும் வேண்டிக்கலாம். நாற்காலி அவனுதுன்னு ஆயிருமா?"

"மர்த்தீன் புதியவரோட பெயரைச் சொல்ற மாதிரி முடிச்சா நல்லாயிருக்கும்" என்றார் சாமி.

"ரோமையில பூசை வைக்கிறதுன்னா நீங்க சொன்னபடி. சிலுவைத்துறையில நாடகம்னா நான் எழுதினபடி" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று வரும் வழியில் தோன்றியது. பிறகு இல்லை என்று தோன்றியது.

ஆகஸ்ட் 29

தொபியாஸுக்கு எல்லா வசனமும் பாடம். பேரரசனோடு வாதாடும் அவ்வளவு நீளப் பேச்சையும் மூச்சு விடாமல் சொல்கிறான். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. கையை விரிக்கிறான், "எங்கள் பாப்பரசர்" என்கிறான், நின்றுவிடுகிறான். நான் "அடியேன்" என்று எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் வாய்க்குள் முணுமுணுக்கிறான்.

"என்னவே, நாக்குல முள்ளு குத்திருச்சா?" என்றேன்.

"மறந்து போகுது மைனி."

"நாலு எழுத்து. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்."

"எனக்கு வாய்ல வரமாட்டேங்கு" என்றான். கண் கலங்கினாற்போல் இருந்தது. நடிக்கிறானோ என்னவோ. குற்றமுள்ள மனசுக்கு அந்தச் சொல் வராதுதான். நான் எழுதியது நேராகப் போய்க் குத்துகிறது என்று சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 2

பனிக்கு என்ன செய்வது என்று யோசித்து, உப்பளத்திலிருந்து நாலு மூட்டை உப்பு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கெர்சோன் தயார்.

செப்டம்பர் 5, புதன்

கொடியேற்றம். திருவிழாக் கொடிக் கயிற்றை முதலில் பிடிப்பது தலைவர். போன வருடம் கஸ்பார் பிடித்தார். இன்று தொபியாஸ் பிடித்தான். நான் கடைசி வரிசையில் நின்றேன். நிற்காமல் வீட்டிலிருந்தால் அழுகிறேன் என்பார்கள்.

பக்கத்து வீட்டு எப்ரோசி என் தோளில் கையைப் போட்டாள். "கவலப்படாத. பாப்பரசர் 'அடியேன்'னு சொன்ன ஒடனே பொம்பளையாளு எல்லாரும் எந்திச்சு, 'எங்க தலைவர் கஸ்பார்'னு சத்தம் போடப்போறோம். எல்லாட்டயும் சொல்லிட்டேன். ஆம்பளையளும் சேந்துக்கிடுவாவ" என்றாள்.

எப்ரோசியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் எழுதியது ஊரைச் சுட்டிருக்கிறது. ஊர் திரும்புகிறது.

ஆறு மணிக்கு மேல் கூட்டம் கூடக்கூடாது என்று போலீஸ் உத்தரவு. சித்திரைத் தகராறுக்குப் பிறகு இப்படித்தான். ஒன்பதாம் நாள் நாடகத்தை மத்தியானம் மூன்று மணிக்கு வைத்திருக்கிறோம். பாப்பரசர் மூன்று மணி வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்க வேண்டும்.

செப்டம்பர் 9

கம்பளி கிடைத்தது. ஆட்டு வாடை. பாப்பரசருக்குப் பொருத்தம்.

செப்டம்பர் 12, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாளைக்கு நாடகம், ஊரே உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தப்போகிறது என்று சொல்லத்தான் இன்று ஜெயிலுக்குப் போனேன். சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

"கித்தேரி, நான் போட்டுட்டேன்" என்றார்.

"என்னத்த?"

"கையெழுத்து. போன வாரம். மூச்சு முட்டி மூணு நாளாப் படுக்கை. இன்னொரு மழைக்காலம் உள்ள கெடந்தா செத்துருவேன்னு பயம் வந்துட்டு. வக்கீல் தாளை நீட்டுனான். போட்டுட்டேன்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரே சொன்னார். இப்படி ஆகும் என்று வைகாசியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். தன்னை நம்ப முடியவில்லையாம். அதனால் சாமியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், ஊரைக் கூட்டி வேறு தலைவரை வையுங்கள், தொபியாஸை வையுங்கள், நான் பயந்து போட்டாலும் அது தலைவர் கையெழுத்தாக இருக்கக் கூடாது என்று. சாமிக்கும் தொபியாஸுக்கும் மட்டும்தான் இது தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வாரபோதெல்லாம் சிங்கம் சிங்கம்னு சொல்லுத. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன், பயமா இருக்குன்னு?"

வக்கீல் வாய்விட்டதை வைத்து இன்னொன்றையும் சொன்னார். தொபியாஸ் தலைமை வெறும் பேச்சு, ஊர் இன்றைக்கும் கஸ்பாரைத்தான் தலைவராக வைத்திருக்கிறது என்று காட்டிவிட்டால் அந்தத் தாள் செல்லும். அதற்குச் சாட்சி தேடித்தான் முதலாளிமாரின் கணக்கப்பிள்ளை நாளைக்கு நாடகம் பார்க்க ஆட்களோடு வருகிறான். மைக் செட் வாடகைகூட அவர்கள்தான் கொடுத்திருக்கிறார்கள். ஊரே எழுந்து நின்று கத்தினால் அவனுக்கு வேறு என்ன வேண்டும்?

"நாடகம் உன்னுது. நீ என்ன செஞ்சாலும் சரி" என்றார். இழுப்பு வந்துவிட்டது.

நான் அழவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

தொபியாஸுக்கு ஏன் அந்தச் சொல் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. சொல் வராமல் இல்லை, அவன்தான் வரவிடவில்லை. அவனை நான் என்னவெல்லாம் பேசினேன். ஒரு நாள் "அண்ணன் கேட்டார்" என்று சொல்லியிருந்தால் என் வாயை அடைத்திருக்கலாம். அண்ணன் பயந்தார் என்பது வெளியே தெரியக் கூடாது என்று என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் சாமியைப் பார்த்தேன். "சீட்டுல எத்தனை தாள்ல தொபியாஸ் பேரு எழுதியிருந்தீங்க, சாமி?" என்று கேட்டேன்.

"திருவுளம், டீச்சர்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 13, வியாழன்

நாடகம் முடிந்தது.

எப்ரோசியிடம் மட்டும் சொல்லி, சத்தம் போடாதே என்று தடுத்திருக்கலாம். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் கஸ்பார் கையெழுத்துப் போட்டதைச் சொல்ல வேண்டும். அவளிடம் சொன்னால் அந்தி சாய்வதற்குள் கடல் மீனுக்கும் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. தொபியாஸிடம்கூட.

நல்ல கூட்டம். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், இரண்டு பக்கமும் இரண்டு பேர். வெயில் பொரிந்தது. மேடையில் கொட்டிய உப்பு கண்ணைக் கூசியது. சின்னப் பிள்ளைகள் ஓரமாக வந்து பனியை நக்கிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். கம்பளிக்குள் தொபியாஸ் வியர்வையில் குளித்துக்கொண்டு குளிரில் நடுங்கினான். நன்றாகவே நடுங்கினான்.

கட்டிலோடு தூக்கிப்போகும் காட்சியில் பொம்பளைகள் அழுதார்கள். உடுப்பைக் கழற்றும் காட்சியில் ஒரு கிழவர் எழுந்து பேரரசனை ஏசினார். ரோமையிலிருந்து ஆள் வந்து, அங்கே வேறு பாப்பரசர் இருக்கிறார் என்று சொல்லும் இடத்தில் கூட்டமே திரும்பி, திரையோரம் நின்ற என்னைப் பார்த்தது. இதற்காகத்தான் நான் ஒரு மாதத்துக்கு மேல் உழைத்தேன். நான் வசனத் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி. தொபியாஸ் தனியாக, உப்பின் நடுவே, கையை விரித்தான்.

"எங்கள் பாப்பரசர்..."

நின்றான்.

பொம்பளைகள் பக்கம் சேலை சரசரத்தது. எப்ரோசி எழுந்திருக்க முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தொபியாஸ் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், ஒத்திகையில் தினமும் பார்த்ததுதான். கெஞ்சுகிற பார்வை. அதைப் போய்க் குற்றமுள்ள மனசு என்று நினைத்திருக்கிறேன்.

என் புருசன் பெயரை நானே புதைக்க வேண்டும். இத்தனை பேர் முன்னால். என் வாயால்.

"எவுஜேனியுஸ்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். கோபத்தில் சத்தமாக வந்துவிட்டது. மைக் பக்கத்தில் இருந்தது. தொபியாஸ் சொல்வதற்கு முன்பே ஊர் முழுவதும் என் குரலில் அது கேட்டது.

தொபியாஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு திரும்பி, தகரம் அதிரும் அந்தக் குரலில், "எங்கள் பாப்பரசர் எவுஜேனியுஸ்" என்றான். நான் எழுதாத வரியையும் அவனாகச் சேர்த்துச் சொன்னான். "என்னை உடைக்கலாம். சபையை உடைக்க உன்னால் ஆகாது, பேரரசே. நான் விட்ட இடத்தில் ஒருவர் நிற்கிறார்."

திரை விழுந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

முதலில் கணக்கப்பிள்ளை எழுந்து துண்டை உதறினான். கூட வந்தவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு நடந்தான். அவன் தலை மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதே சமயம் ஒரு கை மண் வந்து என் சேலையில் விழுந்தது. எப்ரோசி.

"புருசன் உள்ள கெடக்கான், இவ ஊருக்கு முன்னால வேறொருத்தன் பேரைச் சொல்லுதா. உனக்காகவா நாங்க இத்தனை நாளும் அழுதோம்?" என்றாள்.

தொபியாஸ் கம்பளியோடு இறங்கி ஓடி வந்தான். "எப்ரோசியக்கா, உங்களுக்கு விசயம் தெரியாது..." என்று ஆரம்பித்தான்.

"தொபியாஸ்" என்றேன். பள்ளிக்கூடத்துக் குரல். நின்றுவிட்டான். "உள்ள போய் வேசத்தக் கழத்துங்க தம்பி. வெந்துபோவிய."

தம்பி என்று நான் அவனைக் கூப்பிட்டது ஆனிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 14, வெள்ளி

பத்தாம் நாள் திருவிழா. தேர் ஓடியது. என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நல்ல இடவசதி.

செப்டம்பர் 18

குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவிட்டார்கள். எடுத்து மறுபடி முன்னால் வைத்தேன். மறுபடி தள்ளினால் அவர்கள் குடம் கடலில் கிடக்கும் என்று சொன்னேன். தள்ளவில்லை.

செப்டம்பர் 21

தொபியாஸ் மீன் கொண்டு வந்தான். வாசலிலேயே நின்றான். கையெழுத்து வாங்கிய அன்றே முதலாளிமார் வாபஸ் மனுவைப் போட்டுவிட்டார்களாம். தாள் செல்லாது என்று தெரிந்த பிறகு மனுவைத் திரும்ப வாங்கப் பார்த்தார்களாம், முடியவில்லையாம். அண்ணன் திங்கட்கிழமை வருகிறார் என்றான்.

"உள்ள வாங்க" என்றேன். "ஊருக்குச் சொல்லிரட்டா மைனி? உங்களப் பேசுததைக் கேக்க முடியல" என்றான். "நான் உங்களப் பேசுனதை நீங்க கேட்டிய இல்லியா? அதுமாதிரி நானும் கேட்டுக்கிடுதேன்" என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

செப்டம்பர் 24, திங்கள்

வந்துவிட்டார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேளம் வைத்துக் கூட்டி வந்தார்கள். கையெழுத்துப் போடாமல் ஜெயித்து வந்த சிங்கம் என்று மாலை. எப்ரோசி ஆரத்தி எடுத்தாள். நான் வாசற்படியில் நின்றேன். "உன் பொண்டாட்டி உன்னக் கைவிட்டுட்டா, நாங்க விடல" என்று யாரோ அவரிடம் சொன்னார்கள். மாலைக்குள் அவர் முகம் மீன் மாதிரித் துடித்தது. வாயைத் திறக்கப் போனார்.

"சோறு ஆறுது. உள்ள வாங்க" என்றேன்.

கதவைச் சாத்தினதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. பயமாக இருக்கிறது என்று பொண்டாட்டியிடம் சொல்ல முடியாத ஆம்பிளைக்குக் கல்யாணம் எதற்கு என்று கேட்டேன்.

செப்டம்பர் 27

சண்டை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரிடம் சொல்லிவிடுவேன் என்கிறார். கூடாது என்கிறேன். நான் வாங்கின ஏச்சும் மண்ணும் வீணாகப் போகும் என்கிறேன். "நீ எனக்காக வாங்குனது போதும்" என்கிறார். இழுப்போடு சண்டை போடுகிறார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை நிற்கிறார், நான் அந்த இடைவெளியில் நாலு வாக்கியம் பேசிவிடுகிறேன். அப்படியும் தோற்றுப்போனேன்.

செப்டம்பர் 30, ஞாயிறு

பூசை முடிந்ததும் எழுந்து முன்னால் போனார். தொபியாஸ் தடுக்கப் பார்த்தான். அவன் தோளில் கையை வைத்து உட்கார வைத்தார்.

"எனக்கு மாலை போட்டிய. அது எனக்கு உள்ளதில்ல" என்றார். "நான் கையெழுத்துப் போட்டேன். பயந்து போட்டேன். பயப்படுவேன்னு தெரிஞ்சுதான் தொபியாஸைத் தலைவரா வைக்கச் சொன்னேன். அவனும் என் பொண்டாட்டியும் அந்தத் தாளைச் செல்லாம ஆக்கிட்டாவ. உங்க தலைவர் அவன்தான்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் மூச்சு இல்லை. ஆம்பளைகள் பக்கம் தலைகள் திரும்பின. பொம்பளைகள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எங்கோ ஒருத்தி "ச்சே" என்றாள். அவர் அங்கேயே நின்றார், உடுப்பைக் கழற்றி நிறுத்திய மாதிரி.

நான் எழுந்தேன். கோயிலுக்குள் நான் சத்தம் போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஆமா, போட்டாவ. மூச்சு முட்டிச் சாகக் கெடந்தப்போ போட்டாவ. அதுக்கு முன்னாலேயே உங்க கடலைக் காப்பாத்தி வச்சிட்டுத்தான் போட்டாவ. யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா எங்கிட்ட கேளுங்க."

சுற்றிலும் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை. நான் ஆம்பளைகள் பக்கத்தைக் கடந்து முன்னால் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.